தவறவிட்டால் ஊமையாகும் கிதார்

எங்கள் வீட்டு முன்னறையில் தந்தி இல்லாத கிதார் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. தந்திகளுக்குப் பதிலாக அதன் கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்ற வரிசையில் ஐந்து பொத்தான்களும், வலக்கையால் தட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டையும் இருக்கின்றன. அருகிலேயே நான்கு ரப்பர்த் தட்டுகளும் ஒரு கால்மிதியும் கொண்ட டிரம்ஸ். வீட்டுக்கு வரும் உறவினர்கள் இவற்றைப் பார்த்ததும் என் மகனுடைய சாமான்கள் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். பதினான்கு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அப்படி எண்ணுவது இயல்புதான். உண்மையில் கிதார் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் என்னுடையது. டிரம்ஸ் எழுபத்து நான்கு வயதாகும் என் அப்பாவுடையது. மகன் இவற்றைத் தூசி தட்டக்கூட வருவதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய பீனிக்ஸில் குடியிருந்த தெரிந்த குடும்பம் ஒன்று வீடு மாறிப் போனபோது, பழைய பிளேஸ்டேஷன் 3 வீடியோ விளையாட்டுப் பெட்டியையும் அதனுடன் சேர்ந்த இந்தக் கருவிகளையும் மலிவாகக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் கிடந்த வட்டு 'தி பீட்டில்ஸ்: ராக் பேண்ட்', 1960களின் இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸின் பாடல்களை வாசிக்கும் விளையாட்டு. அன்று மாலை, டர்பனின் இன்னொரு பகுதியான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதைப் போட்டுப் பார்த்தபோது, ஒரு வாரம் ஆடிவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்றுவரை வைக்க முடியவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். (என் தமிழ் பாடசாலையில் படித்த தமிழ். வீட்டில் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான் பேசுகிறோம். ஆகவே இது மேடைப் பேச்சு போல ஒலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக: பாடல் தொடங்கியதும் திரையில் ஒரு சாலை தோன்றும். இரவில் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டிகளின் விளக்குகளைப் போல, நிறநிறமான சிறு கட்டிகள் தொலைவிலிருந்து நம்மை நோக்கி வரும். அவை அடிக்கோட்டைத் தொடும் கணத்தில் அதே நிறப் பொத்தானை அழுத்திக்கொண்டு பட்டையைத் தட்ட வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவருக்கு நான்கு நிறங்கள் நான்கு தட்டுகள். ஆரஞ்சுக் கோடு குறுக்கே வந்தால் காலால் மிதிக்க வேண்டும். மைக் பிடிப்பவருக்கு மேலே சுருதியின் ஏற்ற இறக்கம் கோடாக ஓடும். எளிது, நடுத்தரம், கடினம், நிபுணர் என்று நான்கு படிகள் உண்டு. இந்த வகை விளையாட்டை 2005இல் 'கிதார் ஹீரோ' மூலம் உலகறியச் செய்த ஹார்மோனிக்ஸ் நிறுவனமே 2007இல் 'ராக் பேண்ட்' விளையாட்டையும், பின்னர் 2009 செப்டம்பர் 9 அன்று பீட்டில்ஸ் குழுவுக்கென்றே இந்தத் தனி விளையாட்டையும் உருவாக்கியது. 9-9-09 என்ற அந்தத் தேதியில்தான் பீட்டில்ஸின் ஆல்பங்கள் அனைத்தும் ஒலி செம்மை செய்யப்பட்டுப் புதிதாக வெளிவந்தன. வட்டில் 45 பாடல்கள் இருக்கின்றன. லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் தொடங்கி, நியூயார்க்கின் எட் சல்லிவன் அரங்கு, ஷே ஸ்டேடியம், டோக்கியோவின் புடோகான், லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடம் என்று வரிசையாகப் போய், 1969 ஜனவரி 30 அன்று அவர்கள் கடைசியாகப் பொதுவெளியில் வாசித்த கட்டட மாடியில் முடிகிறது.

அந்த எட் சல்லிவன் அரங்கில்தான் அப்பா முதன்முதலாக எழுந்து நின்றார்.

அப்பா டர்பன் நகராட்சித் தொழிலாளர்களின் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். அங்கே தமிழர்கள் நிறையப் பேர். கோயில், கூத்து, பஜனை, கால்பந்து எல்லாம் அந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே நடந்தன. 1960களில் அந்தக் குடியிருப்பைக் காலி செய்து, குடும்பங்களையெல்லாம் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து இறக்கியபோது அவர் பள்ளிச் சிறுவன். கோயில் பஜனைக்கு மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்த தாத்தாவிடம் தாளம் கற்றுக்கொண்டதும், பக்கத்து வீட்டு வானொலியில் பீட்டில்ஸைக் கேட்டதும் ஒரே காலத்தில் நடந்தவை என்பார். அந்த வானொலி இன்பமும் நெடுநாள் நீடிக்கவில்லை. தம் குழு இயேசுவைவிடப் புகழ்பெற்றுவிட்டது என்று ஜான் லெனன் சொன்ன சொல் 1966இல் பெரும் சர்ச்சையாக வெடித்தபோது, தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் பீட்டில்ஸ் பாடல்களை ஒலிபரப்பத் தடை விதித்தது. குழுவே கலைந்த பிறகு, 1971இல்தான் அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பாவுக்குத் துணையாக இருந்தது, இன்று டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று பெயர் மாறியிருக்கும் அன்றைய கிரே தெருவில் அண்ணன் முறையுள்ள ஒருவர் வாங்கி வந்த ஒரே ஓர் இசைத்தட்டு.

படம்? அதற்கு வழியே கிடையாது. அமெரிக்காவில் 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர் என்பார்கள். தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976 ஜனவரியில்தான். ஆகவே அப்பா அறிந்திருந்த பீட்டில்ஸ், இசைத்தட்டின் உறையில் அசையாமல் நின்ற நான்கு முகங்கள். பிற்காலத்தில் எத்தனையோ ஒளிப்பதிவுகள் வந்தபோதும் அவர் தேடிப் பார்த்தவர் அல்லர். இந்த விளையாட்டில் வருபவை வரைந்து அசைவூட்டிய உருவங்கள்தாம். ஆனாலும் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் உயர்ந்த மேடையில் அமர்ந்து தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு வாசிப்பதைப் பார்த்ததும் அப்பா எழுந்து, தொலைக்காட்சிக்கு அருகில் போய், "இவ்வளவு ஆட்டத்திலயும் காலப்பிரமாணம் அசையல பாரு" என்றார். ஷே ஸ்டேடியத்தின் ஐம்பத்தையாயிரம் பேர் கூட்டத்தைப் பார்த்தபோது, கரிஸ் ஃபவுண்டன் மைதானத்தில் பந்தாட்டம் பார்க்கப் போன நாள்களைத்தான் பேசினார். பாட்டுக்காக அவ்வளவு பேர் ஓரிடத்தில் கூடுவார்கள் என்பது அவருக்கு அப்போதும் நம்பத்தகாததாகவே இருந்தது.

நான் கிதாரை எடுத்தேன். முதல் வாரம் முழுவதும் எளிய படியில் தடுமாறினேன் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. சொல்ல வேண்டியது, தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிதாரின் பகுதியை வாசிக்கத் தொடங்கிய பிறகு நடந்தது.

இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஒரு கட்டியைத் தவறவிட்டால், அந்தக் கருவியின் ஒலி மட்டும் பாடலிலிருந்து மறைந்துவிடும். மற்றவை ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் கருவி மட்டும் ஊமையாகும். அடுத்ததைச் சரியாகத் தட்டினால் மீண்டும் உயிர் பெறும். தண்டனையாகத்தான் இதை வைத்திருப்பார்கள். எனக்கோ அதுவே பாடமாயிற்று. 'சம்திங்' என்ற, குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் பாடலைச் சிறுவயதிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பாடத் தெரியும், இடையில் வரும் கிதாரை வாயால் வாசித்துக் காட்டத் தெரியும். ஆனால் அதில் பேஸ் கிதார் என்று ஒன்று இருப்பதை நான் கேட்டதே கிடையாது. அன்று நடுவில் நான்கைந்து கட்டிகளைத் தவறவிட்டேன். பாடலின் அடித்தளம் திடீரென்று உருவப்பட்டது போலிருந்தது. பதறிப் பிடித்து மீண்டும் தட்டியபோது, பால் மெக்கார்ட்னியின் பேஸ் கீழிருந்து எழுந்து வந்தது. அது துணைக்கு நிற்கும் ஒலி அன்று. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாக, பாடுபவர் மூச்சு விடும் இடங்களிலெல்லாம் ஏறி இறங்கி, தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டு போகிறது. அன்றிரவு அதை ஒன்பது முறை வாசித்தேன். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

நாற்பது ஆண்டுகளாக எப்படிக் கேட்காமல் போனேன் என்று யோசித்ததில் ஒரு காரணம் தட்டுப்பட்டது. நான் அந்தப் பாடல்களைக் கேட்டதெல்லாம் அப்பாவின் கையடக்கமான இசைத்தட்டுப் பெட்டியிலும், பிறகு மலிவான கேசட் கருவியிலும். உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியிலிருந்து அடித்தளச் சுரங்கள் வெளியே வருவதில்லை. எங்கள் வீட்டில் பீட்டில்ஸ் என்றாலே குரலும் மேல் சுரங்களும்தான்.

இன்னொரு காரணம் ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. இதை விளையாட்டு தன் கால வரிசையால் கைவிரல்களுக்கே காட்டிக்கொடுக்கிறது. கேவர்ன் கிளப் பகுதியில் பேஸ் வாசிப்பது, உண்மையைச் சொன்னால், சலிப்பான வேலை. ஒரே மாதிரியான கோவையைத் தாளம் மாறாமல் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1965, 1966 என்று வர வர விரல்களுக்கு வேலை கூடுகிறது. மெக்கார்ட்னி அப்போது இலேசான ஹாஃப்னர் கிதாரிலிருந்து ரிக்கன்பேக்கருக்கு மாறியிருந்தார். 1966இல் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவின்போது, பேஸ் ஒலியை இன்னும் அழுத்தமாகப் பிடிப்பதற்காக ஆபி ரோடு பொறியாளர்கள் ஓர் ஒலிபெருக்கியையே திருப்பி மைக்காகப் பயன்படுத்தினார்கள். ஒலிபெருக்கியும் மைக்கும் ஒரே வேலையை எதிரெதிர்த் திசையில் செய்பவை என்பதால் அது சாத்தியமாயிற்று. அந்தப் பாடலை வாசிக்கும்போது, அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து பாடல்களில் இல்லாத ஒரு கனம் விரல் நுனிக்கே தெரிகிறது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். விரலுக்கு அடியில் இருப்பது வெறும் பொத்தான்தான், எனக்கும் தெரியும். ஆயினும் தெரிகிறது.

தவறவிட்ட கருவியை மட்டும் ஊமையாக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஒலித்தடம் தேவை. இன்றைய பாடல்களுக்கு அது பெரிய காரியமன்று. பீட்டில்ஸின் தொடக்ககாலப் பதிவுகளோ இரண்டே தடங்களில் எடுக்கப்பட்டவை: குரல்களுக்கு ஒன்று, கருவிகள் அனைத்துக்கும் சேர்த்து ஒன்று. 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்' பதிவான 1963 பிப்ரவரி 11 அன்று, அந்த ஒரே நாளில் பத்துப் பாடல்களை முடித்தார்கள். நான்கு தடங்களில் பதிவு செய்யத் தொடங்கியது அந்த ஆண்டு அக்டோபரில்தான். ஒரே தடத்தில் கலந்துபோன கிதாரையும் பேஸையும் டிரம்ஸையும் நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து எப்படிப் பிரிப்பது? அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் இந்த விளையாட்டின் இசைப் பொறுப்பை ஏற்று, ஆபி ரோடு பொறியாளர்களுடன் சேர்ந்து, கணினியின் துணையால் ஒலிகளை அதிர்வெண் அடிப்படையில் வடித்தெடுத்துப் பிரித்தார். ரசத்தில் கலந்துவிட்ட புளியைத் திரும்ப எடுப்பது போன்ற வேலை. பாடல்களுக்கு முன்னும் பின்னும் அவர்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் பேசிக்கொண்டதையும், சுருதி சேர்த்ததையும், சிரித்ததையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறார்கள். எனக்கு மதிப்பெண்களைவிட அந்தத் துணுக்குகள் மேல்.

அப்பாவின் டிரம்ஸ் கதைக்கு வருகிறேன். அவர் அதில் உட்கார்ந்த முதல் நாள் பெரும் சண்டையாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாளம் போட்டுப் பழகிய மனிதர் அடிக்கும் ஒவ்வோர் அடியையும் பெட்டி தவறு என்றது. பாடல் பாதியைத் தாண்டுவதற்குள் தட்டுகள் ஊமையாகிவிட்டன. எங்களுக்கெல்லாம் சற்றுச் சிரிப்பு வந்தது. அவர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, "தம்பி, நான் சரியாத்தான் அடிக்கிறேன். உன் பெட்டிக்குத்தான் காது சரியில்ல" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. தட்டையான தொலைக்காட்சித் திரை, தனக்கு வந்த படத்தைச் செப்பனிட்டுக் காட்டுவதற்குச் சில பத்து மில்லி நொடிகள் எடுத்துக்கொள்கிறது. ஒலியும் ஒளியும் பெட்டியிலிருந்து ஒன்றாகவே புறப்பட்டாலும் நம்மை வந்து சேரும்போது ஒன்றாக இருப்பதில்லை. நான் கண்ணால் பார்த்துத் தட்டுபவன். என்னையறியாமல் அந்தத் தாமதத்துக்கு ஏற்றபடி பழகிக்கொண்டிருந்தேன். அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. காதில் விழுந்த தாளத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். விளையாட்டின் பட்டியலுக்குள் இந்தத் தாமதத்தைச் சரிசெய்யும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் 'டிக் டிக்' என்று வரும் ஒலியோடு சேர்த்து நாம் தட்டிக்கொண்டே போனால், இடைவெளி எவ்வளவு என்று கண்டுகொண்டு அதற்கேற்ப ஒத்திசைத்துக்கொள்ளும். மூன்று மாதங்களாக நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை. அப்பாவையே தட்டச் சொல்லி ஒத்திசைத்தோம். அதற்குப் பிறகு அவருடைய அடிகள் அடிக்கோட்டின் மேல் அச்சடித்தது போல விழுந்தன. என்னுடைய மதிப்பெண்கள்தாம் ஒரு வாரத்துக்குப் பாதாளத்தில் கிடந்தன.

அவருக்குக் கை பிரச்சினையே இல்லை. கால்தான் அடங்கவில்லை. மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒரு கை, இடப்பக்கமான தொப்பிக்கு ஒரு கை; காலுக்கு அங்கே வேலை கிடையாது, மடக்கி உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இங்கே தொப்பியின் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் ஆரஞ்சுக் கோடு வருகிறது. இடக்கையால் செய்ய வேண்டியதை வலக்காலுக்குக் கொண்டுபோவதற்கு அவருக்கு இரண்டு மாதங்கள் ஆயின. கோயிலில் பஜனைக்கு உட்கார்ந்திருக்கும்போதும் கால் தானாக மிதித்துக்கொண்டிருந்ததாக அம்மா புகார் சொன்னார்.

ஒருநாள் 'கம் டுகெதர்' வாசித்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "இவன் இடக்கையனா?" என்று கேட்டார். எனக்கு வியப்பாகிவிட்டது. ரிங்கோ பிறவியில் இடக்கைப் பழக்கம் உள்ளவர். வலக்கையர்களுக்காக அமைத்த டிரம்ஸிலேயே வாசித்துவருபவர். தட்டுகளைச் சுற்றி ஓடும் கோவைகளை அவர் தொடங்கும் கை மற்றவர்களிடமிருந்து மாறுவதால், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கை தாண்டிப் போக வேண்டிய இடங்களில் மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியே அவருடைய முத்திரையாகிவிட்டது என்று அறிந்தவர்கள் சொல்வதுண்டு. அப்பா அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதே வரிசையில் தம் கையை ஓட்டிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்பதைக் கொண்டு கண்டுபிடித்தார். ரிங்கோவை எளிய வாசிப்பாளர் என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் இப்போது அப்பா விடமாட்டார்.

அவர் மிகவும் கொண்டாடியது 'ஹியர் கம்ஸ் தி சன்' பாடலை. அதன் நடுப்பகுதியில் நான்கு நான்காக நடந்துவந்த தாளம் முறிந்து, பதினொன்றும் ஏழுமாகக் கணக்குப் போட வேண்டியபடி ஓடிவிட்டு மறுபடி சமத்தில் வந்து விழும். நான் அந்த இடத்தில் மாதக்கணக்காக விழுந்துகொண்டிருந்தேன். நிறக்கட்டிகளை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கை முந்திவிடும். அப்பா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொடையில் மூன்று மூன்றாக விரல் எண்ணி, கடைசி எண்ணிக்கையைக் குறைத்து, இரண்டாவது முறையிலேயே விழுங்கிவிட்டார். "இது மோரா வைக்கிற மாதிரிதான், இதுல என்ன இருக்கு" என்பது அவர் கருத்து. (மிருதங்கத்தில் கணக்கிட்டு வாசித்துச் சமத்தில் கொண்டுவந்து முடிக்கும் கோவையே மோரா.) ஹாரிசன் இந்திய இசையில் பயின்றது அறிந்ததே. அந்தத் தாளக்கணக்கு அங்கிருந்து வந்ததென்று ரிங்கோவும் பின்னாளில் கூறியிருக்கிறார். சாட்ஸ்வொர்த்தில் பஜனைக்கு வாசிக்கும் முதியவருக்கு லிவர்பூல் டிரம்மரை விட அந்த இடம் இலகுவாக வந்தது என்று நான் எழுதினால் அது மகனின் பெருமை. அப்படியே இருக்கட்டும்.

குறைகளும் இருக்கின்றன. இந்தியக் கருவிகளோடு ஹாரிசன் அமைத்த 'விதின் யூ விதவுட் யூ' வட்டில் தனிப்பாடலாக இல்லை. அவருடைய குரலையும் அந்தக் கருவிகளின் ஒலியையும் எடுத்து, 'டுமாரோ நெவர் நோஸ்' என்ற வேறொரு பாடலின் டிரம்ஸ் மேல் ஒட்டிய கலவையே இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா ஆவலோடு எதிர்பார்த்த தபலாவின் நடையை டிரம்ஸ் விழுங்கிவிட்டது. ஆபி ரோடு காலத்துப் பாடல்களுக்கு ஒலிப்பதிவுக்கூடத்தை மறைத்துவிட்டு, கடலுக்கடியிலும் பூந்தோட்டத்திலும் குழு வாசிப்பது போன்ற கனவுக் காட்சிகளை அமைத்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், விளையாடுபவர் அவற்றைப் பார்க்கவே முடியாது. கண் முழுவதும் நிறக்கட்டிகளின் மேல் இருக்கும். அம்மாதான் சோபாவில் உட்கார்ந்து, "அங்க மலையெல்லாம் பூத்திருச்சு, பாருங்க" என்று எங்களுக்கு நேர்முக வர்ணனை செய்கிறார். அவ்வளவு ஓவியர்களின் உழைப்பும் எங்கள் வீட்டில் அவர் ஒருவருக்காகவே.

கருவிகளும் தேய்ந்துவருகின்றன. சிவப்புத் தட்டின் உணரி இளகிவிட்டது. பழைய சைக்கிள் ட்யூப் துண்டை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறேன். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, பாடலின் கடைசி வரிக்கு வரும் நேரத்தில் மின்சாரம் போய், அப்பா இருட்டில் தொடர்ந்து அடித்து முடித்த இரவுகள் சில உண்டு. மதிப்பெண் போடப் பெட்டிதான் இல்லை. எல்லாவற்றையும்விட வருத்தம், கூடுதலாக வாங்கக் கிடைத்த பாடல்களைப் பற்றியது. 'ரப்பர் சோல்', 'சார்ஜென்ட் பெப்பர்', 'ஆபி ரோடு' ஆகிய மூன்று ஆல்பங்களின் மீதிப் பாடல்களும் ஒரு காலத்தில் இணையக் கடையில் விற்பனைக்கு இருந்தன. 2016இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். நாங்கள் பெட்டியை வாங்கியபோது அந்தக் கடையின் கதவு சாத்தி ஆண்டுகள் ஆகியிருந்தன. இசைத்தட்டை வாங்கினால் கீறல் விழும்வரை அது நம்முடையது. அப்பாவின் கிரே தெரு இசைத்தட்டு இன்றும் ஓடுகிறது.

மைக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாடுவதை இந்தப் பெட்டி கேட்கும் முறை விசித்திரமானது. சுரத்தோடு பாடும் இடங்களில் அது சுருதியை மட்டுமே அளக்கிறது, சொற்களைக் கவனிப்பதில்லை. எந்தத் தாயியில் (ஸ்தாயி), அதாவது அதே சுரத்தை மேலே பாடினாலும் கீழே பாடினாலும், ஏற்றுக்கொள்கிறது. இதை முதலில் கண்டுபிடித்தவரும் அப்பாதான். வரிகள் மறந்துபோன ஓரிடத்தில் அவர் 'ஆ' என்று இழுத்துக்கொண்டே போனார். பெட்டி முழு மதிப்பெண் கொடுத்தது. அடுத்த முறை வேண்டுமென்றே சரிகமபதநியில் பாடினார். அதற்கும் கொடுத்தது. மெக்கார்ட்னியின் உச்சக் குரலைக் கீழ்த்தாயியில் முனகியும் வாங்கிவிட்டார். ராக் பேண்ட் வரிசையில் மூன்று பேர் சேர்ந்து மூன்று குரல்களில் பாடுவதற்கு இந்த விளையாட்டில்தான் முதலில் வழி செய்தார்கள். யார் எந்தக் குரலைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூன்று பேர் மூன்று கோடுகளைப் பிடித்தால் போதும். எங்களிடம் இருந்ததோ இரண்டு மைக். பெட்டியில் இருந்த யூஎஸ்பி துளைகளும் இரண்டே. கிதாரும் டிரம்ஸும் ஏற்கெனவே அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

போன மாதம் துளைகளைப் பிரிக்கும் சிறு பெட்டி ஒன்றும், இன்னொரு மைக்கும் வாங்கி வந்தேன். ஆளுக்குத்தான் பஞ்சம். அப்பாவும் நானும் இருக்கிறோம். அம்மா வர்ணனையாளர் பதவியை விட்டு இறங்க மறுத்துவிட்டார். மனைவி சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டாள். மகனைக் கேட்டபோது, வழக்கம்போல் தலையைக் கூடத் தூக்கவில்லை. அவனுக்கு இப்போது குரல் உடையும் பருவம். பள்ளிப் பாடகர் குழுவிலிருந்து இந்த ஆண்டு அவனாகவே விலகிக்கொண்டான், அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அப்பாதான் குச்சிகளைத் துடைத்துக்கொண்டே, "இந்தப் பெட்டிக்குத் தாயி கணக்கில்லடா. மேல போனாலும் கீழ விழுந்தாலும் காசு ஒண்ணுதான்" என்றார்.

அவன் சிறிது நேரம் கழித்து வந்து மூன்றாவது மைக்கை எடுத்தான். 'பேப்பர்பேக் ரைட்டர்' குரல்களோடு மட்டும் தொடங்குவதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வரியிலேயே அவன் குரல் இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது. திரையில் அவனுடைய அம்புக்குறி கோட்டை விட்டு நகரவே இல்லை. "தாத்தா, பாத்தீங்களா?" என்று பாட்டின் நடுவிலேயே கத்தினான், அதற்கு மட்டும் பெட்டி மதிப்பெண் குறைத்தது.